காணாமல் போன முக்கால் சென்ட்

ஜூன் 2, திங்கள்

உத்தரவு வந்துவிட்டது. மூன்று வருடம், பதினோரு மனு. எல்லாம் நானே தட்டச்சு செய்து, நானே பஸ் ஏறிக் கலெக்டர் அலுவலகத்தில் கொண்டுபோய்க் கொடுத்தவை. ஸ்ரீவாரி கார்டன் மனைப்பிரிவில் பூங்காவுக்கென்று ஒதுக்கிய பதினாலு சென்ட்டையும் அளந்து, வேலி போட்டு, மரம் வைத்துத் தருகிறார்களாம்.

பெயரில் மட்டும்தான் கார்டன். 1998இல் நாங்கள் வீடு கட்டி வந்தபோது சுற்றிலும் சோளக்காடு. இப்போது சரவணம்பட்டியிலிருந்து இங்கே வரை அடுக்குமாடிகள் ஒன்றை ஒன்று இடித்துக்கொண்டு நிற்கின்றன. மிச்சம் இருப்பது என் வீட்டுக்கும் மெயின் ரோட்டுக்கும் நடுவே கிடக்கிற இந்த நிலம்தான். அதில் இப்போது இருப்பவை பார்த்தீனியச் செடி, இடித்த வீடுகளின் செங்கல், யாரோ கொண்டுவந்து போட்ட ஒரு வெஸ்டர்ன் டாய்லெட்.

குடியிருப்போர் சங்கத் தலைவர் கனகசபை சார் உத்தரவைப் படம் எடுத்து வாட்ஸாப் குழுவில் போட்டார். நாற்பத்தேழு பேர் கட்டைவிரல் தூக்கினார்கள். மனு கொடுக்கப் போனபோது துணைக்கு ஒரு விரல்கூட வரவில்லை. செயலாளர் என்றால் அப்படித்தான். மில் ஆபீஸில் முப்பது வருடம் தட்டச்சு செய்தவளுக்கு ஓய்வுக்குப் பிறகு கிடைத்த உத்தியோகம் இது.

என் வீட்டுக்காரர் இருந்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார். சந்தோஷப்பட்டிருப்பார் என்றுதான் நினைக்கிறேன்.

ஜூன் 4, புதன்

வேலிக்கு முன்பே மரக்கன்று வந்துவிட்டது. நாற்பது கன்று. புங்கன், வேம்பு, நாவல், மகிழம், மந்தாரை, நீர்மருது. "பக்கத்துல செயலாளர் மேடம் வீடுதானே" என்று எல்லாவற்றையும் என் போர்ட்டிகோவில் இறக்கிவிட்டுப் போய்விட்டார்கள். ஸ்கூட்டர் இனிமேல் வெயிலில் நிற்கும்.

இரண்டு வேளையும் தண்ணீர் ஊற்ற வேண்டும். தண்ணீருக்குக் கவலையில்லை. இந்தத் தெருவில் இதுவரை வற்றாத ஒரே போர் எங்களுடையது. ஈசானிய மூலையில் போட்டது.

ஜூன் 5, வியாழன்

மாவு பொங்கி ஃப்ரிட்ஜுக்குள் வழிந்துவிட்டது. காலை முழுக்க அதைத் துடைத்தேன். மழை வருவது போல இருட்டிக்கொண்டு வந்து போய்விட்டது.

ஜூன் 8, ஞாயிறு

புனேயிலிருந்து மகேந்திரன் பேசினான். அவன் வாராவாரம் கேட்கிற மூன்று கேள்விகள்: முழங்கால் எப்படி, மாத்திரை போட்டீர்களா, எப்போது இங்கே வருகிறீர்கள். இந்த வாரம் நான்காவதாக ஒன்று.

"சர்வேயர் வந்தா நம்ம வீட்டையும் அளப்பாங்களாம்மா?"

"நம்ம வீட்ட எதுக்குக் கண்ணு அளக்கறாங்க? பார்க்கத்தான் அளப்பாங்க."

"பக்கத்துல இருக்கே, அதான் கேட்டேன்."

"உங்கப்பா அளந்து கட்டுன வீடு" என்றேன். அதற்கு மேல் பேச என்ன இருக்கிறது? அவர் பம்ப் கம்பெனியில் வார்ப்புக்கு மர அச்சு செய்கிற பிரிவில் மேஸ்திரியாக இருந்தவர். அரை நூல் பிசகினாலும் அச்சை உடைத்துப் போட்டுவிட்டு மறுபடி செய்வார். கூட வேலை பார்த்தவர்கள் தண்டபாணி என்று சொல்ல மாட்டார்கள், டேப்பு மேஸ்திரி என்பார்கள். அளவில் தப்பு செய்கிற ஆள் இல்லை.

ஜூன் 10, செவ்வாய்

அளந்தார்கள். நிலஅளவர் பர்வீன் என்ற பெண், முப்பது வயது இருக்கும். துப்பட்டாவை இடுப்பில் கட்டிக்கொண்டு பார்த்தீனியத்துக்குள் தயங்காமல் இறங்கினாள். எனக்கு அந்த இடத்திலேயே பிடித்துப்போயிற்று. மோர் கொடுத்தேன்.

நிலத்தின் நாலு மூலைக் கல்லில் ஒன்றுதான் கிடைத்தது. ரோட்டுப் பக்கம் இருந்த இரண்டும் தார் போட்டபோது புதைந்திருக்குமாம். என் வீட்டுப் பக்கத்துக் கல்லைக் காணவில்லை. இருக்கிற நிலத்தைச் சுற்றி அளந்தால் பதிமூன்றேகால் சென்ட்தான் வருகிறது. முக்கால் சென்ட் எங்கே என்று கனகசபை சார் என்னைப் பார்த்தார், நான் பர்வீனைப் பார்த்தேன், பர்வீன் வரைபடத்தைப் பார்த்தாள்.

"உங்க வீட்டுப் பக்கம் ஒரு கல்லு இருந்திருக்கணுமேம்மா. பாத்த ஞாபகம் இருக்குதுங்களா?"

"இங்க கல்லுக்கா பஞ்சம் அம்மணி?" என்று இடிபாட்டுக் குவியலைக் காட்டினேன். எல்லோரும் சிரித்தார்கள்.

நல்ல பதில்தான். பிறகு மோர் தம்ளர் ஒவ்வொன்றையும் இரண்டு முறை கழுவியிருக்கிறேன். மோர் வாடை போகவில்லை போல.

ஜூன் 11, புதன்

கனகசபை சார் வீட்டு வராந்தாவில் கூட்டம். பதினாலு சென்ட் முழுசாகக் காட்டினால்தான் வேலிக்குக் கையெழுத்து ஆகும். கல் இல்லாவிட்டால் எங்கிருந்து அளப்பது? கனகசபை சாரே வழி சொன்னார்.

"மேடம் வீட்டுச் சுவர் இருபத்தேழு வருஷமா அங்கயேதான் நிக்குது. அதையே எல்லையா வெச்சு அளந்துக்கலாம். குறையறது ரோட்டுப் பக்கம் நாலடி தள்ளுனா சரியாப் போயிடும்."

ரோட்டுப் பக்கம் அந்த நாலடியில் இருப்பது தெய்வானையின் இஸ்திரி வண்டி. மேலே ஒரு தகரம், பக்கத்தில் ஒரு புங்கமரம்.

"அந்தம்மாவை நான் பேசி அனுப்பிடறேன். ஆக்கிரமிப்புன்னா ஆக்கிரமிப்புதானே" என்றார்.

எல்லோரும் கை தூக்கினார்கள். தீர்மானத்தைத் தட்டச்சு செய்ய வேண்டியவள் நான். செய்தேன். எழுத்துப்பிழை ஒன்றும் இல்லை.

ஜூன் 13, வெள்ளி

துணி கொடுக்க ஒன்றுமில்லை, இருந்தாலும் இரண்டு பருத்திப் புடவையைத் தேடி எடுத்துக்கொண்டு போனேன். தெய்வானைக்கு விஷயம் தெரிந்திருக்கிறது. பெட்டியில் கரியை ஊதிக்கொண்டே பேசினாள்.

"நான் வண்டி போட்டு பத்தொம்பது வருசமாச்சுங்க்கா. அப்ப ரோட்டு ஓரமுன்னுதான் போட்டேன். கார்ப்பரேசன்காரங்க ரண்டு தடவ வந்து பாத்துட்டு, பார்க்கு எடம் இல்ல, இருந்துக்கோன்னுட்டுப் போனாங்க. இப்ப எப்படிங்க பார்க்கு எடம் நடந்து வந்து எம்பட வண்டிக்கு அடியில நிக்குது?"

அளவு என்பது அப்படித்தான், கூடக் குறைய வரும் என்று ஏதோ சொன்னேன்.

"இந்த மரம் நான் வெச்சதுங்க்கா. பார்க்கு வருதுன்னு சொன்னப்ப, பரவால்ல, நம்ம மரத்துக்குத் துணைக்கு நாப்பது மரம் வருதுன்னு நெனச்சேன்."

புடவையை மடித்துக் கொடுத்தாள். மடிப்பு நேராக வந்திருந்தது. எப்போதும் அப்படித்தான்.

ஜூன் 15, ஞாயிறு

இரண்டு மகிழங்கன்று வாடிவிட்டது. பையில் எத்தனை நாள்தான் இருக்கும்? வேலிக்குக் காத்திருக்கிறோம், வேலி கையெழுத்துக்குக் காத்திருக்கிறது, கையெழுத்து முக்கால் சென்ட்டுக்கு. ஒரு நகரத்தில் நாற்பது மரம் வைக்க இவ்வளவு பேரைக் காக்க வைக்க வேண்டுமா என்று கோபமாக வந்தது. யார்மேல் கோபம் என்று யோசித்தால் முகம் கிடைக்கவில்லை.

மகேந்திரனிடம் பேசும்போது பழைய கதை வந்தது. வீடு கட்டுகிற சமயத்தில் யாரோ ஒரு வாஸ்துக்காரரைக் கூட்டி வந்தார்கள். அவர் ஏதேதோ சொன்னார். அந்தக் காலத்தில் எல்லோரும் அப்படித்தான், கேட்டுக்கொண்டோம்.

ஜூன் 17, செவ்வாய்

பர்வீன் தனியாக வந்தாள். சேற்றில் இறங்கியிருந்தாள். கால் கழுவிக்கொள்ளட்டுமா என்று கேட்டாள். பின்பக்கம் போர் குழாயைக் காட்டிவிட்டுத் துண்டு எடுக்க உள்ளே போனேன்.

திரும்பி வந்தபோது குழாய் ஓடிக்கொண்டிருந்தது. அவள் கால் கழுவவில்லை. நான் தினமும் வாளி வைக்கிற கல்லைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள். பாசியைக் கட்டைவிரலால் தேய்த்திருக்கிறாள். ஒரு கூட்டல் குறி, பக்கத்தில் மூன்று என்ற எண்.

"இந்தக் கல்லு எப்பருந்து இங்க இருக்குதும்மா?"

"வீடு கட்டுனதுலருந்து."

"கொண்டாந்து போட்டது யாருங்க?"

"வீட்டுக்காரர்தான். எங்கயோ கெடந்துச்சுன்னு எடுத்துட்டு வந்திருப்பார்."

குழாயை மூடினாள். நான் எதிர்பார்த்த எதையும் அவள் சொல்லவில்லை.

"பேர்த்தெடுத்த எல்லைக்கல்லுக்கு மதிப்பில்லீங்கம்மா. நான் இதப் பாத்தேன்னு எழுதுனாலும் செல்லாது. இது எந்த எடத்துல நின்னுச்சுன்னு பாத்தவங்க யாராச்சும் எழுதிக் குடுத்தா அது வேற. ஒண்ணாந்தேதி நான் ரிப்போர்ட் குடுக்கணும். அதுவரைக்கும் டயம் இருக்குது."

துண்டை வாங்காமலே போய்விட்டாள். ஈரக்கால் தடம் வாசல் வரை.

ஜூன் 18, புதன்

எழுத ஒன்றுமில்லை.

ஜூன் 19, வியாழன்

பீரோவைச் சுத்தம் செய்தேன். பத்திரம் கையில் பட்டது. பட்டதால் படித்தேன். எங்கள் மனையின் வடகிழக்கு மூலை நேராக இல்லையாம். பூங்கா நிலத்தின் எல்லை அங்கே சாய்வாக வந்து எங்கள் மனையை வெட்டிக்கொண்டு போகிறதாம். வரைபடமே போட்டிருக்கிறார்கள். இப்போது அந்த மூலையில்தான் பூஜை அறையும் போரும் இருக்கின்றன, காம்பவுண்ட் சுவர் செங்குத்தாக நிற்கிறது.

எனக்கு இது புதுச் செய்தி. வீட்டுக் கடனுக்காக இந்தப் பத்திரத்தை நகல் எடுத்துத் தட்டச்சு செய்தது நான்தான், நான்கு பிரதி, கார்பன் வைத்து. ஆனால் தட்டச்சு செய்கிறவர்கள் படிப்பதில்லை. மில்லில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

அவர் அளவில் தப்பு செய்கிற ஆள் இல்லை. அப்படியானால் இது எப்படி நடந்தது?

ஜூன் 20, வெள்ளி

புங்கமரத்தில் சிவப்பு பெயிண்டால் வட்டம் போட்டிருக்கிறார்கள். வேலி காண்ட்ராக்டரின் ஆள் வேலை. அந்த மரம் சரியாகக் கம்பம் வருகிற இடத்தில் நிற்கிறதாம். பூங்காவுக்காக மரத்தை வெட்டுவதா என்று குழுவில் ஒருவர் கேட்டார். ஒன்று போனால் நாற்பது வருகிறதே என்று இன்னொருவர் கணக்குச் சொன்னார். அதற்கும் கட்டைவிரல்கள்.

நாற்பது இல்லை, முப்பத்தைந்து. என் போர்ட்டிகோவில் இருப்பதை நான்தான் தினம் எண்ணுகிறேன்.

சாயங்காலம் தெய்வானை வந்தாள். வாசலிலேயே நின்றாள். உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தேன். கையில் ஒரு வெள்ளைத்தாள், சுருட்டிப் பிடித்திருந்ததில் ஈரமாகியிருந்தது.

"எல்லாத்துக்கும் நீங்கதான் மனு எழுதறீங்க. எனக்கும் உங்க கையால ஒண்ணு அடிச்சுக் குடுங்க்கா. நீங்க அடிச்சா நடக்குமுன்னு சொல்றாங்க."

தட்டச்சுப் பொறியில் தாளைச் செருகினேன். அனுப்புநர், பெறுநர், பொருள் எல்லாம் கை தானாக ஓடியது. "எனது இஸ்திரி வண்டி நிற்கும் இடம் பூங்கா எல்லைக்கு வெளியே உள்ளது." அதுவரை வந்துவிட்டேன். அடுத்த வரியில் ஆதாரம் எழுத வேண்டும். ஆதாரம் இல்லாத மனு குப்பைக்கூடைக்குத்தான் போகும், இதை நானே எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கிறேன்.

"ஏனுங்க்கா நின்னுட்டீங்க?"

"ரிப்பன் சிக்கிக்கிச்சு" என்றேன்.

ரிப்பன் சிக்கவில்லை. நாளைக்குத் தருகிறேன் என்று அனுப்பிவிட்டேன்.

ஜூன் 22, ஞாயிறு

மகேந்திரனிடம் சொன்னேன். கல்லைப் பற்றி மட்டும்.

"விடுங்கம்மா. அப்பா போயி நாலு வருஷமாச்சு. இப்ப எதுக்கு இதையெல்லாம் கிளறறீங்க? அந்தக் கல்லத் தூக்கி அந்தக் குப்பைலயே போட்டுருங்க. யாருக்குத் தெரியப்போகுது?"

"ஒருத்திக்குத் தெரியும்."

"அந்த சர்வேயரா? அவங்களே எழுத முடியாதுன்னுட்டாங்கள்ல?"

நான் அவளைச் சொல்லவில்லை. அதை அவனுக்கு விளக்கவும் இல்லை.

ஜூன் 24, செவ்வாய்

இன்றைக்கு எழுதிவிடுகிறேன்.

வாஸ்துக்காரரைத் தாராபுரத்திலிருந்து வரவழைத்தது நான். பதினைந்தாம் தேதி "யாரோ" என்று எழுதியிருக்கிறேன். அதை அடிக்கப் போவதில்லை, அப்படியே கிடக்கட்டும்.

மகேந்திரனுக்கு அப்போது நாலு வயது. வீசிங். வாடகை வீட்டில் வாரத்துக்கு இரண்டு முறை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுவோம். மூச்சு இழுக்கும்போது விலா எலும்பு ஒவ்வொன்றும் தெரியும். அஸ்திவாரம் தோண்டுகிற நேரம். வாஸ்துக்காரர் மனையைச் சுற்றி வந்தார். "ஈசானியம் வெட்டுப்பட்டிருக்குதுங்க. ஆண் வாரிசுக்கு ஆகாது. மூலைய நெரப்பிட்டுக் கட்டுங்க" என்றார். ஆண் வாரிசு என்ற சொல்லை அவர் மகேந்திரனைப் பற்றி எதுவும் தெரியாமல்தான் சொன்னார். என்னை அன்றைக்கே அது பிடித்துக்கொண்டது.

வீட்டுக்காரர் சிரித்தார். பூமிக்கு மூலை எங்கே இருந்தால் காற்றுக்கு என்ன, டாக்டரைக் கேள் என்றார். நான் இரண்டு நாள் சாப்பிடவில்லை. சண்டைகூடப் போடவில்லை, சாப்பிடவில்லை, அவ்வளவுதான். மூன்றாம் நாள் காலை டேப்பை எடுத்துக்கொண்டு வந்தார்.

"சுலோ, இந்த முனையப் புடி."

பிடித்தேன். அவர் மூலைக்கல் வரை போனார். கல்லைத் தாண்டியும் போனார்.

"என்னங்க, கல்லத் தாண்டிப் போகுது."

"தெரியும். நீ புடி."

நீளம் முப்பத்தாறு அடி, அகலம் பதினெட்டு. படித்துச் சொன்னதும் நான்தான். அவருடைய முகத்தை நான் பார்க்கவில்லை, டேப்பைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அடுத்த நாள் அந்தக் கல் பின்பக்கம் கிடந்தது. நான் கேட்கவில்லை. வாளி வைக்கத் தோதாக இருந்தது.

இந்த வீட்டுக்கு வந்த ஒரு வருடத்தில் வீசிங் நின்றுவிட்டது. வளர்ந்தால் தானாகப் போகும் என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார். அவர் டாக்டரை நம்பினார். நான் மூலையை நம்பினேன். இப்போதும் நம்புகிறேனா? இல்லை என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். வரவில்லை. அந்தச் சுவரை இடித்தால் புனேயில் இருக்கிற என் பிள்ளைக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று பயமாக இருக்கிறது. அறுபத்திரண்டு வயதில், பதினோரு மனு எழுதியவள், இப்படி எழுதுகிறேன். வெட்கமாக இருக்கிறது, ஆனால் பயம் வெட்கத்தைவிடப் பெரிதாக இருக்கிறது.

அளவில் தப்பு செய்யாதவர். வாழ்க்கையில் ஒரே ஒரு முறை செய்தார். எனக்காகத்தான் செய்தார். தெரிந்தே செய்தார். அதற்குப் பிறகு பூங்கா நிலத்தைப் பற்றி அவர் வாய் திறந்ததே இல்லை, வடக்கு ஜன்னலைத் திறந்ததும் இல்லை. கொசு வருகிறது என்பார்.

அவர் போன பிறகு நான் ஏன் அந்த நிலத்துக்கு மனுவாக எழுதித் தள்ளினேன் என்பதும் புரியவில்லை. யாராவது வந்து அளந்து கண்டுபிடித்துவிட மாட்டார்களா என்றுதானா? அல்லது பச்சையாக ஏதாவது வளர்ந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்றா? தெரியவில்லை. இரண்டுமாகக்கூட இருக்கலாம்.

ஜூன் 25, புதன்

கன்றுகளுக்குத் தண்ணீர். இன்று மழை தூறியது, அதனால் ஒரு வேளைதான்.

ஜூன் 27, வெள்ளி

கனகசபை சாரிடம் போய்ச் சொன்னேன். முழுசாகச் சொன்னேன். அவர் முதலில் கதவைச் சாத்தினார்.

"மேடம், நீங்களே இப்படிச் சொன்னா சங்கத்துக்கே அசிங்கம். செயலாளர் வீடே ஆக்கிரமிப்புன்னா நாளைக்கு எவன் நம்மள மதிப்பான்? சும்மா இருங்க. அந்தம்மாவுக்கு நான் வேற எடம் பாத்துத் தர்றேன்."

"எங்க சார்?"

"பாக்கலாம்."

அவர் நல்ல மனிதர். கெட்டதாக எதுவும் சொல்லிவிடவில்லை. என்னைக் காப்பாற்றத்தான் பார்த்தார். திரும்பி வரும் வழியில் அப்பாடா என்று இருந்தது. அந்த அப்பாடாவைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. அப்படியே தெய்வானையிடம் போனேன்.

அவள் இஸ்திரி போட்டுக்கொண்டே கேட்டாள். ஒரு சட்டை முடிந்தது, இன்னொன்றை விரித்தாள். சொல்லி முடித்த பிறகும் பெட்டி நிற்கவில்லை.

"கூட்டத்துல கை தூக்குனப்பவே உங்களுக்குத் தெரியுமாங்க்கா?"

"தெரியும்."

"எம்பட மனுவ அடிச்சுட்டு நிறுத்துனீங்களே, அப்பவும்?"

"அப்பவும்."

பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். "அய்யா போனப்ப அவருக்குப் போட்ட வேட்டி சட்டை நாந்தானுங்க தேச்சுக் குடுத்தேன். காசு வாங்கல" என்றாள். என்னைத் திட்டியிருந்தால் எளிதாக இருந்திருக்கும். அடுத்த சட்டையை எடுத்துத் தண்ணீர் தெளிக்க ஆரம்பித்தாள். நான் போகலாம் என்று அர்த்தம்.

ஜூன் 29, ஞாயிறு

பன்னிரண்டாவது மனு. காலையிலிருந்து இதே வேலை.

பொருள் எழுதியாயிற்று. பார்வை எழுதியாயிற்று. அளவு முப்பத்தாறுக்குப் பதினெட்டு, முக்கோணம், முக்கால் சென்ட். கல் நின்ற இடத்துக்குப் படம் போட்டு, நான் நேரில் பார்த்தது என்று எழுதினேன். "ஆக்கிரமிப்பாளர் பெயர்" என்ற இடத்தில் வந்து நின்றுவிட்டேன்.

முதல் தாளில் கா. தண்டபாணி (காலம் சென்றவர்) என்று அடித்தேன். படித்துப் பார்த்தேன். வந்து பதில் சொல்ல முடியாத மனிதர்மேல் பழியைப் போட்டுவிட்டு நான் சாட்சியாக நிற்பது போல இருந்தது. கிழித்தேன்.

இரண்டாம் தாளில் "மேற்படி வீட்டின் உரிமையாளர்கள்" என்று அடித்தேன். மில்லில் முதலாளிகள் ஒளிந்துகொள்கிற வாசகம் இது, எனக்கு நன்றாகத் தெரியும். அதையும் கிழித்தேன்.

கல்லைப் பிடுங்கியது அவர். பட்டினி கிடந்தது நான். டேப்பைப் பிடித்தது இரண்டு பேரும். யார் ஆக்கிரமிப்பாளர்? மகேந்திரனுக்கு மூச்சு இழுத்தது, அதை யார் பெயரில் எழுதுவது?

மத்தியானம் சோறு வைக்க மறந்துவிட்டேன். நாலு மணிக்குப் பழைய இட்லியைச் சாப்பிட்டுவிட்டு மூன்றாவது தாளைச் செருகினேன்.

ஜூன் 30, திங்கள்

மனு நாள். ஒன்பதரைக்கே வரிசை நீண்டுவிட்டது. பதிவு செய்கிற மேஜையில் இருந்தவர் என்னைப் பார்த்ததும் சிரித்தார். மூன்று வருடப் பழக்கம்.

"பார்க்குதான் கெடச்சிருச்சேம்மா, மறுபடி என்ன?"

தாளைக் கொடுத்தேன். மேலிருந்து கீழே படித்தார். மறுபடி மேலே போனார்.

"தப்பா அடிச்சிருக்கீங்கம்மா. அனுப்புநர் எடத்துலயும் உங்க பேரு, ஆக்கிரமிப்பாளர் எடத்துலயும் உங்க பேரு."

"தப்பில்லீங்க."

"இல்லம்மா, நீங்க யாரு மேல மனு குடுக்கறீங்களோ அவங்க பேரு இங்க வரணும்."

"அவங்க பேருதான் அது. முத்திரை போடுங்க."

அவர் பேனாவைக் கீழே வைத்து என் முகத்தைப் பார்த்தார். பின்னால் நின்றவர் சீக்கிரம் என்றார். முத்திரை விழுந்தது. ரசீதைக் கிழித்துக் கொடுத்தார்.

வெளியே வந்து பர்வீனுக்கு ரசீதைப் படம் எடுத்து அனுப்பினேன். பிறகு மகேந்திரனுக்குப் போன் அடித்தேன். வேலை நேரத்தில் நான் கூப்பிடுவதே இல்லை. இரண்டாவது மணியிலேயே எடுத்துவிட்டான்.

"என்னம்மா, என்னாச்சு?"

"ஒண்ணுமில்ல கண்ணு. உனக்கு இருமல் கிருமல் ஏதாச்சும் இருக்கா?"

"இல்லையே. ஏன்?"

"மூச்சு எப்படி இருக்குது?"

"நல்லாத்தான் இருக்கு. ஏம்மா இப்படிக் கேக்கறீங்க? மீட்டிங்ல இருக்கேன், அப்புறமாக் கூப்பிடட்டுமா?"

"வெக்காத. கொஞ்ச நேரம் பேசிட்டிரு."

"எதப் பத்தி?"

"எதப் பத்தியாச்சும்" என்றேன்.

அவனுக்கு ஒன்றும் புரியவில்லை. இருந்தாலும் பேசினான், புனேயில் பெய்கிற மழையைப் பற்றி, ஆபீஸ் கேண்டீனைப் பற்றி. அவன் என்ன சொன்னான் என்று நான் கேட்கவில்லை. ஒவ்வொரு வார்த்தைக்கும் நடுவில் அவன் மூச்சு விடுவதை மட்டும் கேட்டுக்கொண்டு நின்றேன்.